கிழியாத தாளும் நகராத சுவரும்

உலகத்தில் விரிசல் விட்ட சுவர்கள் எத்தனையோ உண்டு. அவையெல்லாம் தம் இஷ்டத்துக்கு விரிந்தவை. எப்போது தொடங்கின, எங்கே போகின்றன என்று கேட்பாரில்லாமல் விரிந்து, ஒரு நாள் விழுந்து, மறக்கப்பட்டவை. முறையான மேற்பார்வையின் கீழ், தேதி போட்டு, இரண்டு கையெழுத்துகளுடன் கோப்பில் ஏறி விரிந்த சுவர் மனித வரலாற்றிலேயே ஒன்றுதான் இருக்கும். அது அவள் வீட்டு நிலவறையின் வடக்குச் சுவர். அந்தப் பெருமைக்கு முழுக் காரணம் அவள் கணவர். கொஞ்சம் அவளும்தான், அது பின்னால் வரும்.

கணவர் ஆவணக் காப்பகத்தில் மேற்பார்வையாளர். பிறந்தவர், இறந்தவர், வாங்கியவர், விற்றவர் எல்லாரையும் தாளாக மாற்றி அலமாரியில் அடுக்கி வைக்கிற இடம் அது. அவருடைய பிரிவுக்குச் 'சேதமடைந்த ஆவணங்கள் பிரிவு' என்று பெயர். கிழிந்த தாள் ஒன்று வந்தால் அதில் உள்ளதை உள்ளபடி புதிய தாளில் எடுத்து, கையெழுத்துப் போட்டு, பழையதைக் கழித்துவிடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் மேசைக்கு வந்த ஒரு தாள்கூடக் கிழிந்த நிலையில் வெளியே போனதில்லை. அப்படிப்பட்ட கைகளில் வந்து சேர்ந்தது அந்தச் சுவர் செய்த பாக்கியம்.

அவள் திரைச்சீலை தைப்பவள். வீட்டுக்குக் கீழே, பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருக்கும் நிலவறைதான் தையல் அறை. அங்கே பன்னிரண்டு அடி நீள மேசை ஒன்று இருக்கிறது. தச்சர் அதை உள்ளேயே வைத்துச் செய்ததால் கதவு வழியாக அது வெளியே வராது. கூரையை ஒட்டி இரண்டு சின்ன ஜன்னல்கள். அவற்றில் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். செருப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். வீட்டில் அவள் தாழிட்டுக்கொள்ளக்கூடிய ஒரே கதவு அந்த அறையின் கதவு. மேலே இருக்கும் கதவுகளெல்லாம் எல்லாருக்கும் பொது.

ஒரு நாள் காலையில் நூல்கண்டு அலமாரியை நகர்த்தியபோது அந்தக் கோட்டைப் பார்த்தாள். மார்பு உயரத்தில், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, யாரோ அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் படுத்திருந்தது.

"என்னங்க, சுவர்ல விரிசல் விட்டிருக்கு."

"எந்தத் தேதியில?"

"இப்பதான் பார்த்தேன்."

"பார்த்த தேதி வேற, விட்ட தேதி வேற," என்றார் கணவர். "ரெண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடணும்."

வேறு யாராவது இருந்தால் பதறிப்போய் கொத்தனாரைக் கூப்பிட்டிருப்பார்கள். அவர் கடைக்குப் போய் ஒரு கோப்பு வாங்கிவந்தார். விரிசல் நகர்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது என்பதை எங்கேயோ படித்திருந்தார்: விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய தாளை ஒட்டிவிட வேண்டும். சுவர் அசையாவிட்டால் தாள் அப்படியே இருக்கும். அசைந்தால் கிழியும். இவ்வளவு எளிய விஷயத்தை அவ்வளவு எளிதாக விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. விதிகள் எழுதினார்.

விதி ஒன்று: தாள் கிழிந்தால் சுவர் நகர்ந்தது என்று பொருள். விதி இரண்டு: ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாள் பார்வையிடப்படும். விதி மூன்று: பார்வையிட்டவர் தலைவர் என்றும் உடனிருந்தவர் சாட்சி என்றும் கையொப்பமிட வேண்டும்.

"சாட்சி யாரு?" என்று கேட்டாள்.

"வீட்ல வேற யாரு இருக்கா? நீதான்."

அவள் மாவுப் பசை காய்ச்சினாள். அளவு வெட்டும் தாளில் விரலகலத்துக்கு ஒரு துண்டு கத்தரித்தாள். விரிசலின் குறுக்கே சுருக்கமில்லாமல் ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டாள். அவர் அதன்மேல் தேதி எழுதினார். மணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து கச்சிதமாக முடித்த முதல் வேலை அது என்று அவளுக்குத் தோன்றியது. இல்லை, அதற்கு முன்னால் ஒன்று இருந்தது. அதை அப்போது அவள் நினைக்கவில்லை.

முதல் மாதம்: மாற்றமில்லை. இரண்டாம் மாதம்: மாற்றமில்லை. மூன்றாம் மாதம் மழை வந்தது.

"கிழிஞ்சிருக்கு," என்றாள் அவள்.

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தாள் நடுவில் நூல் பிடித்ததுபோல் கிழிந்து, இரண்டு பாதிகளும் ஆளுக்கொரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவே ஒரு மயிரிழை இடைவெளி.

"ஆமா," என்றார் துயரத்துடன். "சேதமடைஞ்ச ஆவணம்."

"விதி ஒண்ணுபடி, சுவர் நகர்ந்திருக்குன்னு..."

"கிழிஞ்ச தாளை வச்சு ஒரு முடிவுக்கு எப்படி வர முடியும்? நாளைக்கு யாராவது கேட்டா என்ன பதில் சொல்றது? முதல்ல புதுத் தாள் ஒட்டு. அதைப் பார்த்து எழுதலாம்."

ஒட்டினாள். அவர் பார்த்தார். புதுத் தாள் துளிக்கூடக் கிழியாமல் இருந்தது. 'மாற்றமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, பேனாவை அவளிடம் நீட்டினார். அன்று மாலைக்குள் விதி நான்கு பிறந்தது: கிழிந்த தாள் சேதமடைந்த ஆவணமாகக் கருதப்படும், அதற்கு மாற்றாக உள்ளதை உள்ளபடி புதிய தாள் வைக்கப்பட்ட பின்னரே பார்வையிடல் நடைபெறும்.

மேலதிகாரிகள் எத்தனையோ பேர் எத்தனையோ நிறுவனங்களில் கையாளும் முறைதான் இது. ஆனால் அவர்கள் யாரும் இதை எழுத்தில் வைக்கத் துணிந்ததில்லை. அந்த நேர்மையை நாம் மதிக்க வேண்டும்.

நான்காம் மாதமும் கிழிந்தது. ஐந்தாம் மாதமும். மாதம் தவறாமல் கிழிந்தது, மாதம் தவறாமல் மாற்றமில்லை. ஒன்பதாம் மாதம் வரை ஏழு தாள்கள். கிழிந்தவற்றை அவர் கழித்துவிடச் சொன்னார். அவள் ஈரத்துணி வைத்து மெல்ல உரித்தெடுத்து, பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் பட்டன்களுக்குக் கீழே போட்டு வைத்தாள். துணி வெட்டுகிறவளுக்குத் துண்டை எறியக் கை வராது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது பாதிக் காரணம். மீதியைக் கேட்க அவளுக்கே விருப்பமில்லை.

கையெழுத்துப் போடும்போது அவளுக்குள் என்ன நடந்தது என்றால், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். பொய் சொல்லும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஆனால் பேனா வழுக்கிக்கொண்டு போனது. சொல்லப்போனால் அந்தச் 'சாட்சி' என்ற சொல்லுக்கு மேல் தன் பெயரை எழுதுவது அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் இருந்த கோப்புகள் அத்தனையிலும் அவள் பெயர் இருந்த ஒரே கோப்பு அது.

பத்தாம் மாதம் கணவர் தாளின் தரத்தில் சந்தேகம் கொண்டார்.

"தாள் மட்டமா இருக்கு. அதான் கிழியுது. துணியில ஒட்டிப் பார்ப்போமா?"

"துணி கிழியாதே."

"அதைத்தான் சொல்றேன்."

அவள் திரைச்சீலைக்கு உள்பக்கம் வைக்கும் துணியில் ஒரு பட்டை வெட்டினாள். துணியை நேராக வெட்டினால் விறைப்பாக நிற்கும். கோணலாக, தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்கிற அந்த வாகில் வெட்டினால் இழுத்த இழுப்புக்கு வரும், கிழியவே கிழியாது. அவள் கோணலாக வெட்டினாள். கத்தரிக்கோல் தெரியாமல் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. பதினாறு வருடக் கை அது. இனி மாதாமாதம் கிழிந்ததைப் பார்க்க வேண்டாம், வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று படிக்கட்டில் நின்று யோசிக்க வேண்டாம். ஒரு துண்டுத் துணியில் அத்தனை நிம்மதி.

துணிப்பட்டை ஐந்து மாதம் கிழியவில்லை. கணவர் அதைத் தன் அலுவலகத்திலேயே சொல்லிப் பெருமைப்பட்டார்.

பதினான்காம் மாதம், நான்கு நாள் விடாமல் பெய்த மழையில், அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர் கசிந்து இறங்கியது. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த துணி உருளையின் அடிப்பக்கம் நனைந்தது. அது சாதாரணத் துணி இல்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் அரங்கத்துக்கான மேடைத்திரை, கருஞ்சிவப்பு வெல்வெட். பதினோரு அடி உயரம். ஒரு மாதத்தில் தைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். அவள் வாழ்க்கையில் வந்த வேலைகளில் பெரியது அது. அந்த அளவு துணியை விரித்து வெட்ட அந்தப் பன்னிரண்டு அடி மேசையை விட்டால் வேறு இடமில்லை.

கணவர் உடனே கூட்டம் கூட்டினார். இடம்: சாப்பாட்டு மேசை. பொருள்: நிலவறையில் 'ஈரம்'. கலந்துகொண்டோர்: தலைவர், சாட்சி, பள்ளியில் படிக்கும் மகள், சிறப்பு அழைப்பாளராகக் கணவரின் தம்பி. அந்தத் தம்பிக்கு வீட்டில் 'வீடியோ' என்று பெயர். எதைப் பற்றிப் பேசினாலும் அதைப் பற்றி ஒரு வீடியோ பார்த்திருப்பார்.

"அண்ணி, நான் ஒரு வீடியோ பார்த்தேன்," என்று தொடங்கினார். "சுவர் விரிசலுக்கு முக்கியமான காரணம் அதிர்வு. ரயில் தண்டவாளம் பக்கத்துல இருக்கிற வீடெல்லாம் இப்படித்தான் ஆகுமாம்."

"இங்க ரயில் இல்லையே தம்பி."

"ரயில் இல்ல. தையல் மெஷின் இருக்கே."

எல்லாரும் நிலவறைக்கு இறங்கினார்கள். தம்பி தன் போனை மேசைமேல் வைத்து எதையோ அழுத்தினார். திரையில் ஒரு கோடு அமைதியாக ஓடியது. அவளை மெஷினை ஓட்டச் சொன்னார். ஓட்டினாள். கோடு துள்ளியது.

"பாத்தீங்களா? நடுங்குது."

"சித்தப்பா, நீங்க பேசினாலே நடுங்குது," என்றாள் மகள். உண்மைதான். அவர் பேச்சுக்கு ஏற்றபடி கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே," என்றார் கணவர்.

"சரிப்பா. ஒரே ஒரு சந்தேகம். ஃபைல்ல பதினாலு மாசமா மாற்றமில்லைன்னு இருக்கு. நகராத சுவரை மெஷின் எப்படி நகர்த்துச்சு?"

கணவர் சற்று யோசித்தார். "அது அடுத்த கூட்டத்துக்கான கேள்வி."

மூன்று தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. தையல் மெஷின் மாடி நடைவழிக்கு மாற்றப்பட வேண்டும். நிலவறை பூட்டப்பட்டுச் சுவருக்கு ஆறு மாதம் 'முழு ஓய்வு' தரப்பட வேண்டும். வருகிறவர் கண்ணுக்கு விகாரமாகத் தெரியாமலிருக்கச் சுவருக்கு நல்லதாக ஒரு திரை போட வேண்டும். திரையைத் தைப்பது யார் என்று யாரும் கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய கேள்வியும் இல்லை.

"மேசை?" என்றாள் அவள்.

"எந்த மேசை?"

"கீழே இருக்கிற மேசை. அது கதவுல வராதே."

"அப்ப அங்கேயே இருக்கட்டும். அதுவும் ஓய்வெடுக்கட்டும்."

மறுநாள் எல்லாரும் வெளியே போனபிறகு கீழே போய் உட்கார்ந்தாள். பூட்டு வாங்கி வர அவருக்கு மாலை ஆகும். குற்றம் சாட்டப்பட்டால் உடனே அதைத் தனக்குள் தேடிப் பார்ப்பது அவள் வழக்கம். தேடினால் எதுவோ ஒன்று அகப்படத்தான் செய்யும். ஒருவேளை மெஷின்தானோ? பதினாறு வருடமாக இந்த மூலையில் தடதடவென்று ஓட்டியிருக்கிறேனே. வீட்டையே கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்துப் பிரித்துவிட்டேனோ? பெடலை லேசாக, காலே படாததுபோல் மிதித்துப் பார்த்தாள். பிறகு அந்த நினைப்பு எவ்வளவு அபத்தம் என்று தோன்றி, தன் காலைப் பார்த்துத் தானே சிரித்தாள்.

அப்போது ஜன்னலில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கடந்தது. முழங்கால் உயரம், சேறு அப்பியது. அந்த பூட்ஸை அவளுக்குத் தெரியும். வாரம் ஒரு முறையாவது போகும். தெருவில் 'சுவர் டாக்டரம்மா' என்று சொல்வார்கள். அஸ்திவாரம், ஈரம், விரிசல் பார்க்கிறவர். முகத்தை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

அவள் ஸ்டூலில் ஏறி ஜன்னலைத் திறந்தாள். தீர்மானங்களில் இதற்கு இடமில்லை என்று தெரிந்தே, "அக்கா," என்று பூட்ஸைக் கூப்பிட்டாள்.

பூட்ஸ் நின்றது. முழங்கால் மடிந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு முகம், நரைத்த முடியைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தது.

"நெட்டா, படுத்திருக்கா?"

"என்னது?"

"விரிசலும்மா. அதுக்குத்தானே கூப்பிட்டீங்க. நெட்டுக்குத்தா இருக்கா, படுத்திருக்கா?"

"படுத்திருக்கு."

முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "சனிக்கிழமை காலையில வர்றேன். அதுவரைக்கும் அந்தச் சுவரோரம் உட்காராதீங்க."

அந்தச் சனிக்கிழமை, மாதத்தின் முதல் சனிக்கிழமை. பத்து மணிக்குக் கணவர் கோப்புடன் தயாராக இருந்தார். வெளியாள் வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கோப்பைப் படிக்க ஒருவர் கிடைத்திருக்கிறார் என்பதில் உள்ளூரச் சந்தோஷம். டாக்டரம்மா கோப்பையும் பார்க்கவில்லை, நிலவறைக்கும் இறங்கவில்லை. நேராக வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

"மேடம், விரிசல் உள்ளே இருக்கு," என்றார் கணவர்.

"விரிசல் உள்ளே இருக்கும் சார். காரணம் வெளியில இருக்கும். நெட்டுக்குத்தா விட்டா சிமெண்ட் காய்ஞ்சதால விட்டிருக்கும், பயமில்ல. படுத்துக்கிட்டா வெளியிலேர்ந்து யாரோ தள்றாங்கன்னு அர்த்தம். யாருன்னு பார்க்க வந்தேன்."

வடக்குப் பக்கம், கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரை ஒட்டிக் கீழே வந்து, முழங்கால் உயரத்தில் சட்டென்று முடிந்தது. முனையில் ரம்பத்தின் பல் தடங்கள். அதன் கீழே, சுவரின் காலடியில், வாளி அளவுக்கு ஒரு குழி. சுற்றிலும் பாசி.

டாக்டரம்மா குழாய் முனையை விரலால் தடவினார். "பாதிக் கூரைத் தண்ணி இந்தக் குழியில விழுது. மண்ணு ஊறி உப்பி, உங்க சுவரைத் தள்ளிக்கிட்டு நிக்குது. இது முன்னாடி நீளமா இருந்திருக்கணுமே. அறுத்தது யாரு?"

"அது வேற ஃபைல்," என்றார் கணவர்.

அது வேற ஃபைல்தான். இரண்டு வருடத்துக்கு முந்தையது. 'நடைபாதை இடையூறு நீக்கம்'. குழாயின் கடைசி ஆறடி தரையோடு தரையாக ஓடித் தோட்டத்துச் சரிவில் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தது. காருக்குப் போகும் வழியில் அது அவர் காலில் இரண்டு தடவை இடறியது. மூன்றாம் தடவைக்கு அவர் இடம் கொடுக்கவில்லை.

அவளுக்கு இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முழுசாக ஞாபகம் வந்தது. அவர் ரம்பத்தோடு குனிந்திருந்தார். அவள் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அசையாம பிடி," என்றார். அசையாமல் பிடித்தாள். அப்படியானால் தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு கேள்வி வாய்வரை வந்தது. அவர் யோசித்திருப்பார் என்று விழுங்கிவிட்டாள். இருவரும் சேர்ந்து கச்சிதமாக முடித்த முதல் வேலை அதுதான்.

கணவர் பூட்டைத் திறக்க, நிலவறைக்கு இறங்கி வந்த டாக்டரம்மா உத்தரத்திலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டார். நுனியில் ஒரு கனத்த திருகு. நூலுக்கும் சுவருக்கும் நடுவே, மேலே இரண்டு விரல் நுழைந்தது. கீழேயும் இரண்டு விரல். விரிசல் இருந்த உயரத்தில் ஒரு விரல்கூட நுழையவில்லை.

"தொப்பை போட்டிருக்கு," என்றார். "இது எப்போ போட்டதுன்னு தெரியணும். பழைய தொப்பையா, இப்பவும் வளருதா?"

கணவர் இந்தத் தருணத்துக்காகவே பதினான்கு மாதம் உழைத்திருந்தார். கோப்பைத் திறந்து, முதல் பக்கத்தைத் தடவிச் சீராக்கி நீட்டினார். டாக்டரம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பதினான்கு பக்கத்தையும் புரட்டினார். மாற்றமில்லை. மாற்றமில்லை. மாற்றமில்லை. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு கையெழுத்து.

"இது நிஜம்னா நல்ல செய்தி," என்றார். "நகரல. பிசின் மாதிரி ஒரு கலவையை ஊசியால உள்ளே ஏத்தி விரிசலை அடைச்சிட்டு, குழாயைச் சரி பண்ணிட்டா முடிஞ்சுது. நாளைக்கே இங்க உட்கார்ந்து தைக்கலாம். நகர்ந்துகிட்டு இருக்குன்னா கதை வேற. வெளியில மண்ணைத் தோண்டணும், உள்ளே இரும்புத் தூண் நிறுத்தணும். மூணு வாரம் யாரும் உள்ளே வரக்கூடாது." கோப்பை மூடி அவளைப் பார்த்தார். "சாட்சி நீங்கதானேம்மா. நகருதா?"

அவள் மேசையைப் பார்த்தாள். மேசையின் நடுப்பகுதிக்கு நேரே சுவரின் தொப்பை. மூன்று வாரம் அறை போனால் மேடைத்திரை போச்சு. 'மாற்றமில்லை' என்ற ஒரு சொல்லில் நாளைக்கே அறை திரும்பி வரும். சுவர் விழுகிற நாள் வரை. அந்தச் சொல் பழகிய சொல்தான். பதினான்கு தடவை போட்ட கையெழுத்து. பதினைந்தாவது வலிக்காது.

வலிக்காது என்று தெரிந்ததுதான் வலித்தது.

அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். பட்டன்களை மேசைமேல் கொட்டினாள். கீழே ஒட்டிக்கிடந்த ஏழு தாள்களையும் தேதி வாரியாக அடுக்கினாள்.

"நகருதுக்கா. மாசாமாசம் கிழிஞ்சுது. அதுக்கப்புறம் துணி ஒட்டினோம். அதை நான்தான் கிழியாத மாதிரி கோணலா வெட்டினேன்."

டாக்டரம்மா எழுந்து, விரிசலில் ஒட்டியிருந்த துணிப்பட்டையை விரலால் சுண்டினார். விறைத்து மெலிந்து, இழுபட்ட ரப்பர்போல நின்றது.

"அது ரத்தான பேப்பர்," என்றார் கணவர் தாள்களைக் காட்டி. "கழிச்சாச்சு. அதையெல்லாம் ஆவணமா எடுத்துக்க முடியாது."

"சார், முப்பது வருஷத்துல நான் பார்த்த நல்ல ஆவணம் இதுதான்," என்றார் டாக்டரம்மா. "தேதி இருக்கு, கிழிசலும் இருக்கு. மழை தொடங்கினதிலேர்ந்து மாசாமாசம் கிழிஞ்சிருக்கு. இது எனக்குப் போதும். அந்த ஃபைலை வேணும்னா நீங்களே வச்சுக்கங்க."

மறுநாளே வேலை தொடங்கியது. வெளியே மண்ணைத் தோண்டிச் சுவரின் முதுகைக் காயவைத்து, மறுபடி நிரப்பும்போது சுவரிலிருந்து விலகிச் சரியும்படி மேடு போட்டார்கள். குழாய்க்கு அறுபட்ட ஆறடியும் கூட நாலடியும் சேர்ந்து, யார் காலிலும் இடறாமல் மண்ணுக்கடியில் தோட்டத்துச் சரிவுக்குப் போனது. உள்ளே நாலு இரும்புத் தூண்கள் சுவரை முட்டுக்கொடுத்து நின்றன. கடைசியாக, ஊசி போட்டு விரிசல் அடைபட்டது.

மேடைத்திரையை அவள் பள்ளி அரங்கத்தின் தரையிலேயே விரித்து வெட்டினாள். மகள் மறு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அசையாம பிடிக்கணுமாம்மா?" என்று கேட்டாள்.

"பிடி. ஆனா நான் தப்பா வெட்டற மாதிரி இருந்தா வாயைத் திற."

"ரெண்டு விரல் தள்ளி வெட்டறே."

தள்ளித்தான் வெட்டியிருந்தாள். திருத்திக்கொண்டாள். மேடைத்திரை சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே முடிந்தது.

மழை மீண்டும் வந்து, சுவர் துளியும் கசியாமல் நின்றதைக் கண்டு கணவர் நெகிழ்ந்துபோனார். ஒரு அறிக்கை எழுதினார். தலைப்பு: 'நிலவறை விரிசல் மேலாண்மை: ஒரு வெற்றி வரலாறு'. அலுவலகத்தில் வாசிப்பதற்காக. இடைவிடாத கண்காணிப்பாலும் உரிய நேரத்தில் எடுத்த முடிவுகளாலும் சுவர் காப்பாற்றப்பட்டது என்று அதில் இருந்தது. அது பொய்யில்லை, யாருடைய கண்காணிப்பு, யாருடைய முடிவு என்று மட்டும் இல்லை. 'காரணம்' என்ற கட்டத்தில் 'இயற்கை' என்று எழுதியிருந்தார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடு," என்று நிலவறைக்கு வந்து தாளை மேசைமேல் வைத்தார். "சாட்சி."

அவள் பேனாவை வாங்கினாள். 'இயற்கை'யை ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: 'குழாயை அறுத்தவர்: தலைவர். அசையாமல் பிடித்துக்கொண்டவள்: சாட்சி.' கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டாள். முதல் தடவையாக அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. பொய்க்குத்தான் அப்படி அடிக்கும் என்று யார் சொன்னார்களோ.

கணவர் படித்தார். மறுபடியும் படித்தார். "அடித்தல் திருத்தல் இருக்கு," என்றார் கடைசியில். "இது செல்லாது. வேற பேப்பர் எடுத்துட்டு வர்றேன்."

அவர் மாடி ஏறி, தாள் எடுத்துக்கொண்டு இறங்கி வருவதற்குள் அவள் பசைக் கிண்ணத்தைத் திறந்துவிட்டாள். அறிக்கையைச் சுவரில், அடைத்த விரிசலின் குறுக்கே, சுருக்கமில்லாமல் ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டாள். துணியில்லை, தாள். கோணல் இல்லை, நேர்.

கணவர் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். கிழித்தால், விதி ஒன்றின்படி சுவர் நகர்ந்துவிட்டது. வெற்றி வரலாறு போயிற்று. மாற்றினால், விதி நான்கின்படி உள்ளதை உள்ளபடி எழுதித்தான் மாற்ற வேண்டும். இரண்டும் அவரே எழுதிய விதி. தான் எழுதியதை மீறுகிற மனிதரில்லை அவர். அந்த ஒரு குணத்துக்காகவே அவரை எவ்வளவு போற்றினாலும் தகும்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இன்றும் அவர் நிலவறைக்கு இறங்கி வருகிறார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரில் இருக்கும் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறார். குழாயை அறுத்தவர் யார் என்பதையும் படிக்கிறார். பிறகு கோப்பைத் திறந்து, 'மாற்றமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.

அவள் தைப்பதை நிறுத்துவதில்லை. சாட்சிக் கட்டம் காலியாக இருக்கிறது.